துடைபவளுக்கே ஜன்னல்

உன் மகள் வந்துபோனதிலிருந்து எங்கள் வீட்டில் சைக்கிள் கடை வாசனை அடிக்கிறது. வாடகை சைக்கிள்கள் வரிசையாக நிற்க, தொட்டித் தண்ணீரில் டியூபை முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருப்பாரே கடைக்காரர், அந்தப் பழைய கடை. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை. நாற்பது வருஷத்துக்கு மேல் காய்ந்து கிடந்த பசை, தேங்காய் எண்ணெய் பட்டதும் தூக்கம் கலைந்ததுபோல் எழுந்து உட்கார்ந்துவிட்டது. நீ போய்விட்டாய். அது இன்னும் இருக்கிறது. இதில் என்ன நியாயம், சொல்.

அவள் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் அட்டைப்பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம். பக்கத்துச் சீட்டுக்காரர் பாபநாசம் வரைக்கும் "உள்ள என்னம்மா, கோழியா?" என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். திறந்து பார்த்தால் உன் பொம்மை வீடு. பினாங்கிலிருந்து உன் மாமா கொண்டுவந்த பிளாஸ்டிக் வீடு. சிவப்புக் கூரை வெளுத்து, வெற்றிலை எச்சில் காய்ந்த நிறத்துக்கு வந்திருக்கிறது. வெள்ளைச் சட்டம் போட்ட ஆறு ஜன்னல்களும் அப்படியே இருக்கின்றன. ஆறிலும் பழுப்பாக, திட்டுத் திட்டாக, அந்தக் கறை.

"பெரியம்மா, அம்மா இத பரண்ல வச்சிருந்தாங்க. ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நான்தான் ஏழு மாசமா எடுத்துட்டு வராம இருந்துட்டேன்" என்றாள். "ஜன்னல்ல மட்டும் ஏதோ பசை. எத்தனையோ தடவ தொடைக்கப் போயிருக்கேன், விடமாட்டாங்க. அதுக்கு வேற ஆள் இருக்குன்னு சொல்லுவாங்க."

"வேற ஆளா? யாருன்னு சொன்னாளா?"

"கேட்டா சிரிப்பாங்க. ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்" என்று சொல்லிவிட்டுக் காபி கலக்க எழுந்து போனேன். பொய் சொல்லும்போதெல்லாம் நான் காபி கலக்கப் போவேன் என்பது உனக்குத் தெரியும். நல்லவேளையாக அதை மகளுக்குச் சொல்லிவைக்காமல் போயிருக்கிறாய்.

அவள் கிளம்பியதும் வேலையில் இறங்கினேன். நான் ஒரு காரியத்தில் இறங்கினால் முதலில் அதைக் கெடுத்துவிட்டுத்தான் செய்வேன் என்பதும் உனக்குத் தெரிந்ததுதான். எங்கள் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஸ்கூட்டர்ல பெட்ரோல் இருக்கு, தொட்டுத் தொடையேன்" என்றார். எதிர்வீட்டு அம்மாள் ஓடிப்போய் நகப்பூச்சு அழிக்கிற தண்ணியைக் கொண்டுவந்து, "இதுல போகாத பசையே கெடையாதுங்க" என்று என் கையில் திணித்தார். அந்த அம்மாளின் நகங்கள் எப்போதும் பளபளவென்று இருக்கும்; அந்தப் பொறாமையில் நம்பிவிட்டேன். பஞ்சில் தொட்டு ஒரு தேய்ப்புத்தான் தேய்த்தேன். பசை இருந்த இடத்தில் பசை இருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி, வெள்ளையாகப் பூத்துப்போய், ஜன்னலுக்குக் கண்புரை வந்துவிட்டது. துணியால் துடைத்தேன், எண்ணெய் தடவினேன், ஊதிக்கூடப் பார்த்தேன். அந்த ஜன்னல் இனி எதையும் பார்க்காது. எதிர்வீட்டு அம்மாள், "ஒங்க பிளாஸ்டிக் மட்டமானது போல" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார்.

ஆறில் ஒன்றைக் குருடாக்கிய பிறகுதான் புத்தி வந்தது. தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துப் பசைமேல் வைத்துவிட்டு, உலை வைத்துச் சோறு வடிக்கும் வரைக்கும் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பி வந்தால் பசை ஊறியிருந்தது. கத்தி வைத்தால் கீறும் என்று பழைய பஸ் பாஸ் ஒன்றின் ஓரத்தால் மெல்லத் தள்ளினேன். பசை சுருண்டு, திரி திரியாக, குளிக்கும்போது முதுகில் உருளும் அழுக்கு மாதிரி வந்தது. அப்போதுதான் அந்த வாசனை எழுந்தது. நான் சமையலறை முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆறாம் வகுப்பில் இருந்தோம். அந்த வீடு உன் வீட்டுக் கூடத்துக்கு வந்த அன்றைக்கு ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. நீ எனக்கு ஒரு சட்டம் போட்டாய்: "கதவத் தொடாத, கூரையத் தொடாத, நாற்காலியத் தொடாத. ஜன்னல மட்டும் தொட்டுக்க." நான் கை வைத்தால் எதுவும் இரண்டாகும் என்று முன்பே கண்டுவைத்திருந்தாய். அதனால் எனக்கு ஜன்னல் வேலை. ஆறு ஜன்னலிலும் வாயைத் திறந்து "ஹா" என்று ஊதி, பாவாடை ஓரத்தால் துடைப்பேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் துடைப்பேன். தூசி இல்லாத நாளிலும் துடைப்பேன். நீ உள்ளே குட்டி நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாய்.

அந்த வருஷம் ஊரில் யாரும் யாரிடமும் சாதாரணமாகப் பேசிக்கொள்ளவில்லை. வாய்க்கால் கரையில் சிவப்புக் கொடி, தெருமுனையில் கட்சிக் கொடி, அறுப்புக்கு ஆள் வருமா வராதா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முணுமுணுப்பு. உன் அப்பாவுக்குச் சொந்தமான, இருபது மா கொண்ட ஒரு வேலி நிலத்தை என் அப்பா குத்தகைக்கு உழுதார். அவருக்கு முன்னால் என் தாத்தா உழுதது. உன் அப்பாவை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என் அப்பாவைத் தம்பி என்பார், அப்பா அவரை அண்ணே என்பார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சாகுபடி செய்கிறவர் தாலுகா ஆபீஸில் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சர்க்கார் சொன்னது. அப்பா ஒரு நாள் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பாபநாசம் போய் மனு கொடுத்துவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரே வரப்பில் எதிரெதிரே வந்தால், ஒருவர் சேற்றில் இறங்கி நடந்தார்.

பெண்களும் பிள்ளைகளும் மட்டும் கொல்லைப் பக்கமாகப் போய்வந்துகொண்டிருந்தோம். அதையும் நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் அப்போது தோன்றவில்லை. ஊரில் பொதுவான நாலு பேர் கூடிப் பேசி, ஆளுக்குப் பாதி என்று ஒரு வழி சொன்னார்கள்: பத்து மா அப்பாவுக்கே, மீதிப் பத்து மா பெரியப்பாவிடம் திரும்பும், மனு வாபஸ். இருவரும் அரை மனதாகத் தலையை ஆட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து முடிப்பதாக இருந்தது.

நாம் அந்த வாரம் "தாலுகா ஆபீஸ்" விளையாடிக்கொண்டிருந்தோம். உன் வீட்டிலிருந்த தலையாட்டி பொம்மையை, எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறதே என்று தாசில்தாராக்கினோம். நீ நிலத்துக்காரி, நான் மனு கொடுக்கிறவள். மதகுச் சுவரில் யாரோ செங்காவியில் எழுதியிருந்த "உழுபவருக்கே நிலம்" என்ற வரியைப் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் படித்துப் படித்து எனக்கு மனப்பாடம். தாசில்தார்முன் நின்று நான் சொன்னேன்: "உழுறவங்களுக்கு நெலம்னா, தொடைக்கிறவளுக்கு ஜன்னல். எனக்குப் பதிஞ்சு குடுங்க."

நீ தாசில்தாரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாய். அவர் பலமாக ஒப்புக்கொண்டார்.

உத்தரவை நான்தான் எழுதினேன். கோடு போட்ட தாளை ஆறாகக் கிழித்து, ஆறிலும் ஒரே வாசகம்: "சர்க்கார் உத்தரவு. துடைபவளுக்கே ஜன்னல்." மதகுச் சுவரில் "உழுபவருக்கே" என்றுதானே இருந்தது, அதில் ப் கிடையாதே. அந்த அளவு வைத்துத்தான் நானும் எழுதினேன். துடைப்பவளுக்கு ஒரு ப் கூடுதலாக உண்டு என்பது எனக்கு எட்டவில்லை. ரவிக்கைப் பொத்தானில் குங்குமத்தைத் தொட்டு முத்திரை குத்தினது நீ. சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டிப் பார்த்தோம். காய்ந்ததும் பிளாஸ்டிக்கிலிருந்து பொலபொலவென்று உதிர்ந்தது. உடனே நான் சைக்கிள் கடைக்கு ஓடினேன். "அப்பா சைக்கிள் பஞ்சரு, சொல்யூஷன் வாங்கிட்டு வரச் சொன்னாங்க." கடைக்காரர் மிச்சமிருந்த டியூப் ஒன்றைக் கொடுத்தார். என் அப்பாவிடம் சைக்கிளே கிடையாது என்பதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை. பாவம், நல்ல மனுஷன்.

சொல்யூஷன் வைத்தால் எதுவும் உதிராது. ஆறு உத்தரவும் ஆறு ஜன்னலில் ஒட்டிக்கொண்டன. நாம் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கொல்லைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பெரியப்பா. வீட்டில் அவர் இருக்கும் நேரத்தில் நான் அங்கே இருக்கக் கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கூடத்து மூலையில் நெல் கொட்டி வைத்திருக்கும் மரப் பத்தாயத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டேன்.

அங்கிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை, எல்லாம் கேட்டது.

"என்ன இது?"

ஜன்னலிலிருந்து காகிதம் கிழிகிற சத்தம்.

"சர்க்கார் உத்தரவாம்ல. முத்திர வேற. யாரு எழுதினது?"

"நான்தாம்பா."

"நீயா? போன மாசம் சொல்வதை எழுதுதல்ல ஒரு தப்பு இல்லாம வாங்கிட்டு வந்தவ நீ. தொடைப்பவள்ல ப் எங்க?"

"மறந்துபோச்சு."

"மறக்கல. மதகுல எழுதியிருக்கிற எழுத்துல்ல இது. அதப் பாத்து எழுதினது. மகளுக்குச் சொல்லிக்குடுத்து எழுத வச்சிருக்கான் தம்பி."

உன் அம்மா அடுப்படியிலிருந்து, "சின்னப் புள்ளைங்க வெளயாட்டுங்க அது" என்றார்கள்.

"வெளயாட்டா? இன்னிக்கு பொம்ம வீட்டு ஜன்னலு, நாளைக்கு என் வீட்டுக் கதவா? வெள்ளிக்கிழமையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அவன் கோர்ட்டுல பாத்துக்கட்டும்."

"அவ எழுதல. நான்தான் எழுதினேன்." இது உன் குரல்.

அப்புறம் ஒரு அறை விழுந்த சத்தம். ஒன்றுதான். நீ அழவில்லை; அல்லது எனக்குக் கேட்கும்படி அழவில்லை. பத்தாயத்துக்குப் பின்னால் ஒரு கரப்பான்பூச்சி என் கால்மேல் ஏறி, இறங்கி, வெளிச்சத்துக்கு ஓடியது. அதற்காவது வெளியே வரும் தைரியம் இருந்தது.

நான் வரவில்லை. பெரியப்பா வாசலுக்குப் போன பிறகு கொல்லை வழியாக ஓடிப்போனேன். போகும்போது உன்னைப் பார்த்தேனா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு நினைவில்லை. பார்க்காமல் ஓடியிருப்பேன். அப்படித்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் அப்பா மட்டும் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார். நீ பள்ளிக்கூடத்தில் என் பக்கத்திலிருந்து எழுந்து, ஜன்னலோர பெஞ்சுக்குப் போய்விட்டாய். உன் அப்பா சொன்னது அது. என் வீட்டிலும் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டார்கள். அப்பா கேட்டார்: "நீ ஏதாவது எழுதினியா?" நான் இல்லை என்றேன். வாய்தா என்ற சொல்லை முதன்முதலாக அந்த மாதம்தான் கேட்டேன். அப்பா ராத்திரிச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். பதிவும் போய், பாதியும் போய், உழுகிறதுக்கே நிலம் இல்லாமல் போகுமோ என்று அம்மாவிடம் ஒரு தடவை சொன்னார். அந்தப் பயம் முழுக்க ஒரு ப்பிலிருந்து வந்தது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் தமிழ் சார் சொல்வதை எழுதுதல் வைத்தார். நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது உன் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, ஒன் பேனாவுல ப் தீந்துபோச்சா?"

வகுப்பே சிரித்தது. படிப்பவனைப் படிபவன் என்றும், நடப்பவரை நடபவர் என்றும், கொடுப்பவளைக் கொடுபவள் என்றும் எழுதியிருந்தாய். அதுவரை ஒரு தப்பும் விடாதவள்.

"எனக்கு அப்படித்தான் வருது சார்."

"எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளா."

நான் மட்டும் சிரிக்கவில்லை. நீ என் பக்கம் திரும்பவேயில்லை. அடுத்த வாரமும் அந்த ப் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கட்டுரை நோட்டில் இல்லை, காலாண்டுப் பரீட்சைத் தாளில் இல்லை. சார் உன்னை பெஞ்சுமேல் நிற்க வைத்தார். நின்றாய். மண்டையில் குட்டினார். வாங்கிக்கொண்டாய். நான் இந்தப் பக்கம் பயத்தில் கண்ட இடத்திலெல்லாம் ப் போட ஆரம்பித்தேன். "உழுப்பவர்" என்று எழுதி, "நீ ஏம்மா இவ விட்டதையெல்லாம் பொறுக்கிப் போடுற?" என்று சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் உன் பக்கம் பார்க்காமல் நோட்டை மூடிவைத்தேன்.

கடைசியில் சார் நோட்டைக் கொடுத்து, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். அதற்காகத்தான் நீ காத்திருந்தாய் என்பது எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

ஒரு சனிக்கிழமை. அப்பா மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோய் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா வந்தார். இந்தத் தடவை அவர்தான் வரப்பிலிருந்து சேற்றில் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், கக்கத்தில் உன் நோட்டு.

"தம்பி."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"அத எழுதினது ஒம் பொண்ணு இல்ல. என் வீட்டுக் கழுததான். பாரு, எத்தன பக்கம் பொரட்டினாலும் ஒரு எடத்துல ப் இல்ல. தமிழே வரல இதுக்கு. நான்தான் ஒன்ன..." நோட்டை நீட்டினார்.

அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். மாதா மாதம் என் நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். என் ப் எங்கெங்கே காணாமல் போகும் என்று அவரைவிட யாருக்கும் தெரியாது. தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தூக்குவாளி மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"புள்ளைங்கதானே அண்ணே. விடுங்க" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பேசி முடித்தார்கள். ஆளுக்குப் பத்து மா. நடுவில் ஒரு புது வரப்பு. அதைப் போட்ட அன்றைக்கு இருவரும் சேர்ந்துதான் மண்வெட்டி பிடித்தார்கள். அப்பா சாகும் வரைக்கும் அந்தப் பத்து மாவை உழுதார். நான் படித்தது, கட்டிக்கொண்டது, இப்போது இந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பது எல்லாமே அதிலிருந்து வந்ததுதான்.

அந்த வருஷ ஆண்டுவிழாவில் தமிழில் முதல் பரிசு எனக்குக் கிடைத்தது. எப்போதும் வாங்குகிறவள் வழி விட்டதால் எனக்குக் கிடைத்தது. பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர். நீதான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாய். நான் மேடையிலிருந்து இறங்கி வந்ததும் காதருகே குனிந்து, "டம்ளர்ல எழுத்து எல்லாம் சரியா வெட்டியிருக்கானா பாத்துக்கடி" என்றாய். அந்த ஒரு வார்த்தையோடு நாம் மறுபடியும் ஒரே பெஞ்சுக்கு வந்துவிட்டோம். அந்த டம்ளர் தந்த திமிரில்தான் நான் எழுத்தாளர் ஆனேன். ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஊரைக் கிண்டல் செய்து பிழைக்கிறேன். என் மாமியார், என் எடை, என் சமையல், வீட்டுக்காரரின் குறட்டை, ஒன்றையும் விட்டதில்லை. இது ஒன்றைத் தவிர.

நீ கும்பகோணத்தில் தபால் ஆபீஸ் வேலைக்குப் போனாய். அங்கிருந்து எனக்கு வந்த கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. ஒன்றில்கூட அந்த ப் கிடையாது. "உன் வீட்டில் சமைபவர் யார், நீயா அவரா?" "உன் கட்டுரையைப் படிபவர்கள் எங்கள் ஆபீசில் மூன்று பேர், சிரிபவர் ஒருவர்." ஊர்க்காரர்களின் விலாசத்தைத் திருத்துகிறவள், உன் சொந்தத் தமிழை ஏன் திருத்தவில்லை? பழக்கமாகிவிட்டதா, வேண்டுமென்றே விட்டாயா என்று கேட்டிருக்கலாம். கேட்டால், நீ ஏன் அதை விட ஆரம்பித்தாய் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டியிருக்கும். பத்தாயத்துக்குப் பின்னால் நான் நின்றதை நீ அறிந்திருந்தாயா என்பதே எனக்குத் தெரியாது. நான் அதற்கு முன்பே ஓடிவிட்டதாக நீ நினைத்திருக்கலாம். அப்படி நினைத்திருந்தால் நான் கொஞ்சம் நல்லவள். அந்தக் கொஞ்சத்தை இழக்க மனசில்லாமல் நாற்பது வருஷம் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரிக்குக் கடைசியாக வந்தபோது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டேதான் வந்தேன். வந்து உட்கார்ந்ததும் எங்கள் வீட்டு மிக்ஸி ரிப்பேரானதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். நீ சிரித்தாய். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய்: "ஒன்னயே கேலி பண்ணி நல்லா எழுதுற. உண்மையாதான் எழுத மாட்டேங்கற."

நான் காபி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனேன்.

நேற்று ஐந்து ஜன்னல் முடிந்தது. எண்ணெய்ப் பிசுக்கு போக, பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கலந்து, பழைய வேட்டித் துணியில் நனைத்துத் துடைத்தேன். கண்புரை வந்த ஒன்றைத் தவிர மற்றவை பளிச்சென்று இருக்கின்றன. ஆறாவது ஜன்னல், மேல்மாடி அறையினுடையது. அதில்தான் பசை அதிகம். சட்டத்தோடு சேர்த்து அப்பியிருந்தேன் போல, திறக்கவே வரவில்லை. அதில் காகிதத் துணுக்கு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியப்பா கிழித்தபோது தப்பியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். "டைபவ" என்று மூன்று எழுத்து. டைக்கும் பவுக்கும் நடுவில் ஒரு புள்ளி வைக்கக்கூட இடம் இல்லை.

அதைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை. என் கையெழுத்தில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அது. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, விட்டுவிடலாமா என்று உட்கார்ந்திருந்தேன். துடைத்தால் தடயம் போகும். என் மாதிரி ஆளுக்கு அது வசதிதான். அதனாலேயே கை கூசியது. ஆனால் நீ உன் மகளிடம் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதுக்கு வேற ஆள் இருக்கு.

ஆளை அனுப்பிவைத்த பிறகு வேலையை நிறுத்த முடியுமா. எண்ணெய் வைத்தேன். ஊறியது. பஸ் பாஸ் ஓரத்தால் தள்ளினேன். மூன்று எழுத்தும் பசையோடு சுருண்டு வந்துவிட்டது. ஜன்னல் "டிக்" என்று திறந்தது.

உள்ளே, அந்த மாடி அறையில், மடித்த காகிதம் ஒன்று கிடந்தது. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் தபால் பெட்டியின் வாய் மாதிரி ஒரு இடுக்கு இருக்கிறதே, அதன் வழியாகப் போட்டிருப்பாய். போடலாம், எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமென்றால் அந்த ஜன்னலைத் துடைத்தே ஆக வேண்டும். உன் ஆபீஸ் தந்தித் தாள். தந்தி என்பதே நின்றுபோய்விட்டது. அப்படியென்றால் எத்தனை வருஷத்துக்கு முன்னால் எழுதிப் போட்டாயோ. ஒவ்வொரு தடவை உன் வீட்டுக்கு நான் வந்தபோதும் இது பரணில் இருந்திருக்கிறது. என் பெயர் எழுதி, அதன் கீழே, தந்திக்குரிய சிக்கனத்தோடு, உன் முத்து முத்தான கையெழுத்தில்:

"துடைபவளுக்கே ஜன்னல். பத்தாயத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வாடி."

எங்கள் வீட்டுக்காரர் உள்ளே வந்து, "என்ன, கண்ணுல எண்ணெ பட்டுடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காபி கலக்க எழுந்து, பாதி வழியில் நின்று, திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். "இல்லங்க. ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் அப்படித் தொடங்கியதே இல்லை என்பதால் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர், "இதையும் கடைசிப் பக்கத்துல எழுதிடுவியா?" என்றார்.

எழுதிவிட்டேன். பெரியப்பா, அதை எழுதியது உங்கள் மகள் இல்லை. நான். என் அப்பா சொல்லிக்கொடுக்கவும் இல்லை. உங்கள் மகளுக்குத் தமிழ் நன்றாக வரும். எனக்குத்தான் வராது, டம்ளர் அவளுடையது.

வீட்டை என் மேஜைமேல் வைத்திருக்கிறேன். ஆறு ஜன்னலும் திறந்திருக்கின்றன. இன்றைக்குக் காலையில் ஒரு தடவை "ஹா" என்று ஊதிப் புடவைத் தலைப்பால் துடைத்தேன், தூசியே இல்லை. டம்ளரை உன் மகளுக்குக் கொடுத்துவிடப் போகிறேன். வீடு என்னிடம் இருக்கும், பதிவாகிவிட்டது.

பத்திரிகையில் பிழை திருத்துகிறவர் கறாரான மனிதர். இத்தனை வருஷமாக நான் விட்ட ப்பையெல்லாம் தேடித் தேடிப் போட்டவர் அவர்தான். இந்தக் கட்டுரையைக் கொடுக்கும்போது சொல்லிவைத்தேன், தலைப்பில் கை வைக்க வேண்டாம் என்று. "அதுல ஒரு ப் விட்டுப்போயிருக்கேம்மா" என்றார்.

"விட்டுப்போகலீங்க. ஒருத்தி எனக்காக எடுத்து வச்சுக்கிட்டா" என்றேன்.